கூரைக் காரை பெயர்ந்து விழுவது ஏன்?
அரைகுறை ஈரம் செய்யும் கெடுதல்!

மும்பையில் மழை பிடித்துவிட்டால், பழைய கட்டிடங்களில் கூரைக் காரை பெயர்ந்து விழுவது வழக்கம். பழி மழை மீது விழும். ஆனால், அந்தக் கெடுதல் பல ஆண்டுகளுக்கு முன்பே, மழை இல்லாத மாதங்களில் தொடங்கி இருக்கும்.

நுண்ணிய துளைகள்

கான்கிரீட் கல் போலத் தெரிந்தாலும், அதற்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். கலவையில் மிஞ்சிய தண்ணீர் காய்ந்துபோன இடங்கள் அவை. காற்றில் உள்ள கரியமில வாயு அந்த வழியாக உள்ளே நுழைகிறது.

புதுக் கான்கிரீட்டில் காரத்தன்மை அதிகம். அதுதான் கம்பி துருப்பிடிக்காமல் காக்கிறது. கரியமில வாயு, சிமெண்டில் உள்ள சுண்ணாம்புடன் சேர்ந்து இந்தக் காரத்தைக் குறைத்துவிடுகிறது.

தண்ணீரின் வேலை

துளைகளில் தண்ணீர் நிறைந்திருந்தால் வாயு எளிதில் போக முடியாது. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் அது ஏறத்தாழ 10 ஆயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். துளைகள் அடியோடு காய்ந்திருந்தால் வாயு தாராளமாகப் போகும். ஆனால் சுண்ணாம்புடன் சேராது. அதற்குக் கொஞ்சம் ஈரம் தேவை.

ஆகவே, அரைகுறை ஈரம்தான் ஆபத்து! காற்றின் ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதம் வரை இருக்கும்போது இந்த மாற்றம் மிக வேகமாக நடக்கும். மழையில் நனையும் வெளிப்புறத்தைவிட, நனையாத உள்கூரை சீக்கிரம் காரம் இழப்பது இதனால்தான்.

பிறகு மாடி ஒழுகினாலோ, குழாய் கசிந்தாலோ கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடத்தை அடைக்கும். கான்கிரீட் வெடித்து விழுகிறது. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

கம்பி ஓடும் திசையில் வெடிப்பு, பழுப்புக் கறை, தட்டினால் பொள்ளல் சத்தம் ஆகியவை எச்சரிக்கை. அதன் மேல் சிமெண்டு பூசி மறைத்தால் துரு உள்ளே வளரும். முதலில் கசிவை நிறுத்த வேண்டும். கெட்ட பகுதியைக் கொத்தி எடுத்து, துருவைத் தேய்த்து நீக்கிய பிறகே பூச வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் என்ஜினீயரைக் காட்டாமல் வேலையைத் தொடங்கக்கூடாது.

கட்டிட வேலையில் இருப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். கலவையில் தண்ணீர் கூடினால் துளைகள் பெருகும். கான்கிரீட் இறுகிய பிறகு குறைந்தது 7 நாட்கள் நனைத்து வைத்தால் துளைகள் குறையும்.

கலக்கும்போது தண்ணீர் அளவோடு. இறுகிய பிறகு தண்ணீர் தாராளமாக. கூரை நிலைப்பது இதில்தான் இருக்கிறது!