பில் கணக்கை அழித்த கம்பைலர்

ரெப்லிட் நிறுவனத்தின் நிரலெழுதும் ஏஐ ஏஜென்ட் 2025 ஜூலையில், எதையும் மாற்றாதே என்ற தடையை மீறி, தொழில்முனைவோர் ஜேசன் லெம்கினின் தரவுத்தளத்தை அழித்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். சொல்லால் விதிக்கும் தடை வேறு, அதிகாரத்தையே கொடாதிருப்பது வேறு என்பதை மறுபடி விரிக்க வேண்டியதில்லை. இவ்வாரம், ஏஜென்ட்டின் செயலுக்கு மனிதர் தரும் ஒப்புதலைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கான குறிப்புகளைத் தொகுக்கையில் கணினி அறிஞர் நார்ம் ஹார்டி 1988-இல் எழுதிய சிறு கட்டுரையொன்று கைக்கு வந்தது. வந்தபின் வேறெதையும் முதலில் சொல்ல மனம் ஒப்பவில்லை.

ஹார்டி விவரிக்கும் சம்பவம், அக்கட்டுரைக்கு ஏறக்குறைய 11 ஆண்டுகள் முன்பு, டைம்ஷேர் என்ற அமெரிக்க நிறுவனத்தில் நிகழ்ந்தது. வாடிக்கையாளர் பலர் ஒரே பெருங்கணினியைப் பங்கிட்டுக்கொண்டு, உபயோகத்துக்குத் தக்க கட்டணம் செலுத்திய காலம் அது. அங்கிருந்த ஃபோர்ட்ரான் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்), மொழியின் எந்தெந்த அம்சங்கள் எவ்வளவு பயன்படுகின்றன என்ற புள்ளிவிவரத்தைத் தன் டைரக்டரியிலுள்ள ஒரு கோப்பில் குறித்துவைக்க வேண்டும் என்பதற்காக, அந்த டைரக்டரியில் எழுதும் அதிகாரம் அதற்கு வழங்கப்பட்டது. வாடிக்கையாளர்களின் பில் கணக்கு அடங்கிய கோப்பும் அதே டைரக்டரியில்தான் இருந்தது. கம்பைலரை இயக்குகிறவர், பிழைதிருத்தத்துக்கு உதவும் வெளியீட்டை எழுதுவதற்குத் தாம் விரும்பிய கோப்பின் பெயரைக் கொடுக்கலாம். எவரோ ஒருவர் பில் கோப்பின் பெயரையே கொடுத்தார். கம்பைலர் அப்பெயரைத் தாங்கிக்கொண்டு இயங்குதளத்திடம் போயிற்று. இயங்குதளம் கம்பைலரின் அதிகாரத்தைச் சோதித்து, எழுதலாம் என்று அனுமதித்தது. பில் கணக்கு முழுவதும் அழிந்துபோயிற்று.

பெயர் கொடுத்தவருக்கு அந்தக் கோப்பைத் தொடும் உரிமை கிடையாது. அவர் தொடவும் இல்லை. கம்பைலருக்குத் துர்நோக்கம் ஏதும் கிடையாது; அது தனக்கிட்ட பணியை இம்மியும் பிசகாமல் செய்தது. இயங்குதளமோ, கேட்டவர் யார், அவருக்கு அனுமதி உண்டா என்று பார்த்தே கதவைத் திறந்தது. இவ்வாறு ஒவ்வொரு சோதனையும் முறையாக நிறைவேறியும் விபரீதம் நிகழ்ந்ததென்றால், தோஷம் தனித்தனி ஆட்களிடம் இல்லை, அதிகாரம் கைமாறும் முறையிலேயே இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். கம்பைலர் இரண்டு எஜமானர்களுக்கு ஊழியம் செய்தது. நிர்வாகம் தந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் ஏவிய காரியத்தைச் செய்தது. எந்தக் காரியத்துக்கு எவருடைய அதிகாரம் என்று பிரித்துச் சொல்ல அதற்கு வழியே இல்லை. இத்தகைய காரியஸ்தனுக்கு ஹார்டி இட்ட பெயர் ‘குழம்பிய பிரதிநிதி’. பில் கோப்பின் பெயரை மட்டும் தடைப்பட்டியலில் சேர்த்தால் போதாதா என்று கேட்கலாம். அன்றைய ஆபத்து நீங்கும். நாளை வேறொரு கோப்பு அங்கே வந்து சேரும். கோப்பின் பெயரும் அதைத் தொடும் அனுமதியும் பிரியாமல் ஒன்றாகவே கைமாற வேண்டும், அப்போதுதான் தனக்கில்லாத உரிமையை எவரும் காரியஸ்தன் மூலம் பிரயோகிக்க இயலாது என்பதே ஹார்டியின் முடிவு.

இன்றைய ஏஐ ஏஜென்ட் அந்தக் கம்பைலரின் நேர் வாரிசு என்பது என் உறுதியான எண்ணம். கம்பைலருக்கு வெளியார் கொடுக்க முடிந்தது ஒரு கோப்பின் பெயர் மட்டுமே. ஏஜென்ட்டுக்கோ, அது வாசிக்கும் மின்னஞ்சலும் வாடிக்கையாளர் புகாரும் இணையப் பக்கமும் உத்தரவாக மாறிவிடக்கூடும். 2022-இல் மென்பொருளாளர் சைமன் வில்லிசன் ‘ப்ராம்ப்ட் இன்ஜெக்ஷன்’ என்று பெயரிட்ட அபாயம் இதுவே. புகார்களைப் படித்துச் சுருக்கம் எழுதுவதற்கு அமர்த்திய ஏஜென்ட்டின் கையில், அட்டவணைகளை அழிக்கவல்ல தரவுத்தளக் கணக்கைக் கொடுத்துவைப்பவர், டைம்ஷேரின் டைரக்டரியை மறுபடி அமைக்கிறார்.

ஏஜென்ட்களை வெளிக்கருவிகளோடு இணைப்பதற்காக 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி என்ற பொதுநெறியில், பிற்பாடு, ஒரு கருவி அழிவை விளைவிக்கக்கூடியதா என்பதை அறிவிக்கும் குறிப்பு சேர்க்கப்பட்டது. மாற்றம் செய்யவல்ல கருவி அதைப்பற்றி ஒன்றும் அறிவிக்காவிட்டால், அழிக்கக்கூடியதென்றே கொள்ள வேண்டும் என்ற ஏற்பாட்டை நான் மனமார வரவேற்கிறேன். கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்களான சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975-லேயே, வெளிப்படையாக அனுமதி தராதவரை மறுப்பே இயல்புநிலையாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர்கள். ஆயினும் குறிப்பு குறிப்புதான். நம்பத்தகாத சர்வர் தரும் குறிப்பை நம்பலாகாது என்று அந்நெறியே எச்சரிக்கிறது. தரவுத்தளம் தானே மறுப்பதுதான் காவல்.

மனித ஒப்புதலுக்கு இடமில்லாமல் போயிற்று. அடுத்த வாரம் அதுவே முதலில் வரும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், தவறான சர்வரில் இட்ட ஒரே கட்டளையால் சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபி மட்டுமே எஞ்சிய கதையும் கூடவே வரும். ஒப்புதல் தருகிற மனிதரும் பிழைபடுகிறவரே அல்லவா?

அதற்குள் ஒரு வேண்டுகோள். உங்கள் அலுவலகத்தில் ஏஜென்ட் ஒன்றை இணைத்திருந்தால், அது எந்தக் கணக்கின்மூலம் தரவுத்தளத்துக்குள் நுழைகிறதென்று இவ்வாரமே பாருங்கள். அந்தக் கணக்குக்கு அழிக்கும் அனுமதி இருக்குமானால், படிக்க மட்டும் உரிமையுள்ள வேறொரு கணக்குக்கு ஏஜென்ட்டை மாற்றிவிடுங்கள்.