உங்களுக்குத் தெரியுமா? வசந்தத்தில் கரை தேடி வரும் சால்மன்

அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் வசந்தகால மீன்பிடிப் படகுகள் பெரும்பாலும் கரையை ஒட்டியே மெல்ல ஊர்கின்றன. பின்னால் நீளமாக விட்ட தூண்டில் இழைகளில் பளபளக்கும் செயற்கை இரைகள் இழுபட்டு வரும். ஏன் கரையை ஒட்டி? ஆழம் குறைந்த கரையோர நீர்தான் முதலில் சூடேறும். நன்னீர் ஏறக்குறைய 4 டிகிரி செல்சியஸில்தான் மிகவும் அடர்த்தியானது. ஆகவே, அந்த அளவைத் தாண்டிச் சூடேறிய கரைநீரும் அந்த அளவை இன்னும் எட்டாத குளிர்ந்த நடுநீரும் கலக்குமிடத்தில் நீர் கனத்து அமிழ்கிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சுவர் வெதுவெதுப்பைக் கரைப்பக்கமே தேக்கிவைக்கிறது. சிறுமீன்கள் அங்கே கூடும்; அவற்றைத் துரத்திப் பழுப்பு டிரவுட்டும் கோஹோ சால்மனும் வரும்.

இத்தனைக்கும் கோஹோ இந்த ஏரியின் பூர்வீக மீன் அல்ல! அட்லாண்டிக் பக்கத்திலிருந்து வந்து பெருகிவிட்ட ஏல்வைஃப் மீனைத் தின்று குறைக்கவும், தூண்டில்காரர்களை ஈர்க்கவும், பசிபிக் பகுதியிலிருந்து முட்டை தருவித்துப் பொரித்த குஞ்சுகள் 1966இல் விடப்பட்டன.