ஆகாயத்துச் சாலையின் காவலர்கள்

பண்ணுருட்டியிலிருந்து காடாம்புலியூர் வழியாகக் கும்பகோணம் செல்லும் சாலையில் பலாப்பழப் பருவத்தில் பிரயாணம் செய்திருக்கிறீர்களா? எதிரே பழ மூட்டை ஏற்றிய லாரி வரும். பின்னால் ஒரு பஸ் ஊதிக்கொண்டே வரும். நடுவில் ஓர் ஆடு குறுக்கே ஓடும். ஆனாலும் அநேகமாக ஒன்றும் நேர்வதில்லை. காரணம் மிக எளியது. சாலையில் போகிற வண்டி எதுவானாலும் பிரேக் போட்டு நின்றுவிடலாம்.

அதே காடாம்புலியூரில் முந்திரித் தோப்பின் நிழலில் நின்று அண்ணாந்து பாருங்கள். எங்கோ உயரத்தில் ஆகாய விமானம் ஒன்று வெள்ளிக் கம்பிபோல் போய்க்கொண்டிருக்கும். அது நிற்க முடியாது. வேகம் ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால் விழுந்துவிடும். ஆகவே ஓடிக்கொண்டேதான் ஒதுங்க வேண்டும்; ஓடிக்கொண்டேதான் காத்திருக்கவும் வேண்டும். விமான நிலையத்தை நெருங்க நெருங்க இந்தத் தொல்லை பெருகுகிறது. பல திசைகளிலிருந்து பல உயரங்களில் வருகிற விமானங்கள் எல்லாம் ஒரே ஓடுபாதையில், ஒன்றன்பின் ஒன்றாக இறங்கியாக வேண்டும். புறப்படுகிற விமானங்களோ அவற்றின் நடுவே மேலே ஏறவேண்டும். இந்த நெருக்கடியைச் சமாளிக்கிற உத்தியோகஸ்தர்களுக்கு ‘அப்ரோச் கண்ட்ரோல்’ அதிகாரிகள் என்று பெயர்.

இவர்கள் விமான நிலையத்தில் உயர்ந்து நிற்கும் கண்ணாடிக் கோபுரத்தில் இருப்பவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். கோபுரத்தில் இருப்பவர்களுக்கு ஓடுபாதையும், கண்ணுக்கு எட்டிய ஆகாயமுமே பொறுப்பு. நெடுந்தூரத்து ஆகாயம் வட்டாரக் கட்டுப்பாட்டைச் சேர்ந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட வெளிதான் அப்ரோச் அதிகாரியின் ராஜ்யம். அவர் விமானத்தைக் கண்ணால் பார்ப்பதேயில்லை. ராடார் திரையில் நகரும் புள்ளிகளையும் எண்களையும் பார்த்தே ஆட்சி செலுத்துகிறார்.

ராடார் என்பது என்ன? கிணற்றில் குனிந்து கூப்பிட்டால் எதிரொலி வருகிறதல்லவா? அதைப் போலத்தான். ரேடியோ அலை விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடி, விமானத்தில் பட்டுத் திரும்புகிறது. திரும்பி வர ஆன நேரத்தைக் கொண்டு தூரத்தை யந்திரம் கணக்கிடுகிறது. நூறு கிலோமீட்டர் போய்த் திரும்புவதற்கு, விநாடியை ஆயிரமாக்கினால் அதில் ஒரு பங்குகூட ஆவதில்லை! இங்கிலாந்தில் ராபர்ட் வாட்ஸன்-வாட் 1935-ல் இதைச் சோதித்துக் காட்டினார். யுத்தத்திற்காக வளர்ந்த இந்த வித்தை, யுத்தம் முடிந்ததும் சமாதான காரியத்துக்கு வந்தது. 1948-ல் பெர்லின் நகரத்தின் தரை வழிகள் அடைக்கப்பட்டபோது, அந்நகர மக்களுக்கு உணவும் நிலக்கரியும் விமானங்களிலேயே கொண்டுபோகப்பட்டன. மூடுபனியிலும் மழையிலும் சில நிமிஷங்களுக்கு ஒன்றாக அவற்றை இறக்கியதில் ராடாருக்குப் பெரும் பங்கு உண்டு.

எதிரொலி ராடாருக்கு ஒரு குறை உண்டு. விமானம் எங்கே இருக்கிறது என்று சொல்லும். எவ்வளவு உயரத்தில் என்று சொல்லாது. அந்தக் குறையைத் தீர்க்க வந்தது ‘செகண்டரி ராடார்’. இது வெறும் எதிரொலி அன்று, கேள்வியும் பதிலும். தரையிலுள்ள யந்திரம், “நீ யார்? எந்த உயரத்தில் இருக்கிறாய்?” என்று கேட்கிறது. விமானத்திலுள்ள ‘டிரான்ஸ்பாண்டர்’ என்னும் கருவி, நான்கு இலக்கச் சங்கேத எண்ணையும் உயரத்தையும் பதிலாக அனுப்புகிறது. அந்த எண்ணை 7700 என்று மாற்றி வைத்தால், “ஆபத்து!” என்று அர்த்தம்.

திரையை வைத்துக்கொண்டு அதிகாரி செய்வது என்ன? இடப்புறம் இத்தனை பாகை திரும்பு, இத்தனை அடிக்கு இறங்கு, வேகத்தைக் குறை என்று ஒவ்வொரு விமானத்துக்கும் ரேடியோவில் சொல்கிறார். விமானி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதிகாரி விடமாட்டார். நிலையத்தருகே இரண்டு விமானங்களுக்கு நடுவில் உயரத்தில் ஆயிரம் அடியாவது இருக்கவேண்டும். அல்லது பக்கவாட்டில் சாதாரணமாக மூன்று முதல் ஐந்து கடல் மைலாவது இருக்கவேண்டும். பெரிய விமானத்தின் இறக்கைகள் பின்னால் சுழற்காற்றை விட்டுச் செல்வதால், அதைத் தொடரும் சிறிய விமானத்துக்கு இன்னும் அதிக இடைவெளி தேவை. இடம் இல்லையென்றால், ஆயிரம் ஆயிரம் அடி வித்தியாசத்தில் அடுக்கடுக்காக வட்டமிடச் செய்கிறார்கள். சென்னை மீனம்பாக்கத்தில் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்பவை. ஆகையால் அங்கே இந்தக் கணக்கு இன்னும் நுட்பமானது.

கணக்குத் தவறினால் என்ன ஆகும் என்பதை நம் தேசம் கண்ணீர் விட்டு அறிந்திருக்கிறது. 1996-ஆம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி மாலை, டில்லியிலிருந்து சவூதி அரேபிய விமானம் ஒன்று 312 பேருடன் கிளம்பியது. பிழைப்புத் தேடி அந்நாட்டுக்குச் சென்ற நம்மவர் பலர் அதில் இருந்தனர். எதிரே கஜகஸ்தான் விமானம் ஒன்று 37 பேருடன் டில்லிக்கு வந்துகொண்டிருந்தது. போகவும் வரவும் அக்காலத்தில் அங்கே ஒரே வான்வழிதான். சவூதி விமானம் 14,000 அடியிலும், கஜகஸ்தான் விமானம் 15,000 அடியிலும் இருக்கவேண்டும் என்பது உத்தரவு. எதிரே விமானம் வருகிறது என்ற எச்சரிக்கையும் கொடுக்கப்பட்டது. ஆயினும் வந்த விமானம் தன் உயரத்தை விட்டுக் கீழே இறங்கிவிட்டது. டில்லி அப்ரோச் அதிகாரியின் முன்னிருந்த ராடாரோ உயரம் காட்டாத பழைய ராடார். திரையில் இரண்டு புள்ளிகள் நெருங்கின. பிறகு இரண்டுமே இல்லை. ஹரியானாவில் சர்க்கி தாத்ரி அருகே வயல்களில் 349 உயிர்கள் மடிந்தன. ஒருவரும் பிழைக்கவில்லை. நடுவானில் விமானங்கள் மோதிய விபத்துகளில் உலகத்திலேயே கொடியது இதுதான்.

நீதிபதி லஹோதி தலைமையில் விசாரணை நடந்தது. உத்தரவை மீறிக் கீழே இறங்கிய கஜகஸ்தான் விமானத்தின் மேல்தான் பிழை என்று அது முடிவு கூறியது. அதன் விமானிகளுக்கு ஆங்கிலம் சரியாகத் தெரியாததும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. ஒரு சொல் புரியாமல் போவது ஆகாயத்தில் எவ்வளவு பெரிய அபாயம், பாருங்கள்! அதன்பின் டில்லியில் வரும் வழி வேறு, போகும் வழி வேறு என்று பிரிக்கப்பட்டது. உயரம் காட்டும் ராடார் வந்தது. மோதலை முன்கூட்டி எச்சரிக்கும் கருவி விமானங்களிலேயே இருக்கவேண்டும் என்றும் இந்தியா விதி செய்தது. அந்நியர் செய்த பிழை என்று சொல்லிச் சும்மா இருந்துவிடாமல், நம் வீட்டுக் குறையையும் தீர்த்துக்கொண்டது தேசத்துக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமைக்கு 349 குடும்பங்கள் விலை கொடுக்க வேண்டியிருந்ததை மறப்பதற்கில்லை.

யந்திரங்கள் எத்தனை வந்தாலும், கடைசியில் திரையின் முன்னால் உட்காருகிறவர் ஒரு மனிதரே. இரண்டு விமானங்கள் எதிரெதிராக வந்தால், நடுவிலுள்ள ஒரு மைல் தூரம் ஆறேழு விநாடியில் கரைந்துவிடும். அதற்குள் அவர் பார்க்க வேண்டும், முடிவு செய்ய வேண்டும், பதறாத குரலில் சொல்ல வேண்டும். அந்தக் குரலைப் பிரயாணிகள் கேட்பதில்லை. அந்த முகத்தை யாரும் பார்ப்பதில்லை. அவர் செய்த வேலைக்கு அடையாளம், ஒன்றும் நேராமல் இருப்பதுதான்.

நம் கடலூர்ச் சீமையிலிருந்து எத்தனையோ பேர் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் உத்தியோகத்துக்காகப் போய் வருகிறார்கள். அவர்கள் ஏறி வரும் விமானம் சென்னைக்கு அருகில் வந்தும் இறங்காமல், கால் மணி நேரம் வட்டமிடலாம். வரவேற்கப் போயிருக்கும் வீட்டார் கடிகாரத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்வார்கள். சலிக்க வேண்டாம். மேலே யாரோ ஒருவர், உங்கள் பிள்ளைக்கும் அடுத்த விமானத்திலுள்ள இன்னொருவர் பிள்ளைக்கும் நடுவே ஆயிரம் அடி இடைவெளியைப் பத்திரமாகக் காத்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கால் மணி நேரத்தை அவருக்குச் சந்தோஷமாகக் கொடுத்துவிடலாம்.