மாலை மாற்றியவர்களும் மதிக்காத பதிவேடும்

அரியலூரில் பத்திரம் எழுதுவது என் தொழில். கல்லங்குறிச்சி கலியுக வரதராஜப் பெருமாள் கோவிலில் தாலி கட்டிவிட்டு, மாலையும் கழுத்துமாக வரும் ஜோடிகளுக்குத் திருமணப் பதிவு விண்ணப்பமும் நிரப்பித் தருவேன்.

ஒருநாள் இரண்டு பெண்கள் வந்தார்கள். "அண்ணே, சாமி முன்னாடி மாலை மாத்திக்கிட்டு ஒண்ணா இருக்கோம். வீட்டை இவ பேருக்கு எழுதணும், என்ன செலவாகும்?" என்றார் மூத்தவர். கணவன் மனைவிக்கு எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைக் கட்டணம் 1 சதவீதம். அதற்கும் உச்சவரம்பு உண்டு. குடும்பத்தில் சேராதவருக்கு என்றால் 7 சதவீதம். சட்டத்தின் கணக்கில் இந்த இருவரும் குடும்பம் இல்லை. கடைசியில் ஆளுக்கொரு உயில் எழுதிக் கொடுத்தேன். உடன்பிறந்தவர்கள் நாளை வழக்குப் போட்டால் அந்த உயிலோடு நீதிமன்றப் படியேற வேண்டியதுதான்.

இந்த வலி எனக்குப் புதிதல்ல. என் பெற்றோருடையது சுயமரியாதைத் திருமணம். புரோகிதர் இல்லை, ஓமம் இல்லை. அத்தகைய திருமணம் செல்லாது என்று 1953-லேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஊருக்கு அவர்கள் புருஷன் பெண்டாட்டி; சட்டத்துக்கு யாரோ. 1967-ல் அண்ணா ஆட்சி இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. முன்பு நடந்தவையும் செல்லும் என்று அதிலேயே எழுதினார்கள். அந்த வரியால்தான் என் அம்மா சட்டப்படி மனைவியானார். அதற்காக எந்தப் புரோகிதரும் கட்டாயப்படுத்தப்படவில்லை, எந்தக் கோவிலின் வழக்கமும் மாறவில்லை. இன்றும் யாரும் கோவிலைக் கட்டாயப்படுத்தச் சொல்லவில்லை. கேட்பது அரசாங்கப் பதிவேட்டில் ஓர் இடம்.

கோவில் ஏற்றுக்கொண்டும் பதிவாளர் மறுத்த கதையும் நம்மிடம் உண்டு. 2018 அக்டோபரில் தூத்துக்குடி சங்கரராமேஸ்வரர் கோவிலில் ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் திருமணம் நடந்தது. பதிய மறுத்தார்கள். 2019 ஏப்ரலில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், திருநங்கையும் மணமகளே என்று தீர்ப்பளித்துப் பதிவு செய்ய உத்தரவிட்டார். இரண்டு பெண்களுக்கோ இரண்டு ஆண்களுக்கோ அந்தக் கதவு திறக்கவில்லை. 2023 அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றம், திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல, சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டது. தாய்லாந்தில் 2025 ஜனவரியிலிருந்து இத்தகைய ஜோடிகள் சட்டப்படி மணக்கிறார்கள்.

இங்கே சில்லறையாகச் சில கிடைத்திருக்கின்றன. சேர்ந்து வாழும் இத்தகைய இணையரை ரேஷன் அட்டையில் ஒரே குடும்பமாகக் கொள்ளலாம் என்று 2024-ல் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கவும் நாமினி போடவும் தடையில்லை என்றது.

பத்திரம் எழுதுகிறவனாக என்னை அதிகம் தொட்டது 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் தமிழ்நாடு அரசுக்குச் சொன்ன யோசனை: இத்தகைய இணையர் குடும்பமாக இணைந்ததை ஒரு பத்திரமாக எழுதிப் பதிய வழி செய்யலாம் என்பது. திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழியல்ல என்று 2025 மே மாதம் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தமிழ்நாடு அரசு அந்தப் பத்திரத்தைக் கொண்டுவர வேண்டும். அதைப் பதிந்தவர்களை, 1 சதவீதக் கட்டணத்துக்கான குடும்பப் பட்டியலிலும் சேர்க்க வேண்டும்.