டிரெய்லருக்குப் பெயின்ட் அடிக்கும் முன் சுத்தியலை எடுங்கள்!

‘டிராக்டர் டிரெய்லர் துருப்பிடித்துவிட்டது. நாங்களே பெயின்ட் அடித்துக்கொள்ளலாமா, பட்டறைக்குத்தான் போக வேண்டுமா?’ என்று வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். தாராளமாக நீங்களே அடிக்கலாம். ஆனால், பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைதான் அதிகம்.

சில வருடங்களுக்கு முன், நான் பணியாற்றிய வட்டாரத்தில் ஒரு விவசாயி ஆயுதபூஜைக்கு டிரெய்லரைப் பளபளவென்று பெயின்ட் அடித்து நிறுத்தியிருந்தார். ‘புது வண்டி மாதிரி இருக்கே’ என்று நானும் பாராட்டிவிட்டு வந்தேன். தை மாதம் கரும்பு பாரத்தோடு ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது, டிராக்டர் கொக்கியில் மாட்டும் இழுவைச் சட்டம் வெல்டிங் இருந்த இடத்தில் பிய்த்துக்கொண்டது. டிரெய்லர் பின்னால் உருண்டது. பாரத்தின் மேல் உட்கார்ந்து வந்த இரண்டு பேர் குதித்துத் தப்பினார்கள். முறிந்த இடத்தைப் பார்த்தால், முக்கால்வாசி பழைய துரு. ஓரத்தில் கொஞ்சம்தான் வெள்ளையாக, புதிதாக முறிந்த இரும்பு. விரிசல் முன்பே இருந்திருக்கிறது; பெயின்ட் அதை மூடிவிட்டது.

அதனால் முதலில் டிரெய்லரை நன்றாகக் கழுவிக் காயவைத்து, சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு ‘ணங்’ என்று ஒலிக்கும். அரித்துப்போன இடத்தில் சத்தம் அமுங்கிவிடும். சந்தேகமான இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். இழுவைச் சட்டம், அதன் வளையம், ஆக்சில் உட்காரும் இடம், பட்டை ஸ்பிரிங் மாட்டும் தாங்கிகள் ஆகியவற்றின் வெல்டிங் ஓரங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முடி போல மெல்லிய கோட்டில் பழுப்பு நீர் வழிந்த தடம் தெரிந்தால், அது விரிசலாக இருக்கலாம். அங்கே பெயின்ட் வேலையை நிறுத்திவிட்டு, வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். சதுரக் குழாய்கள் உள்பக்கமிருந்து அரிக்கும். தண்ணீர் தேங்கினால், அடியில் சின்னதாக ஒரு துளை போட்டுவிடச் சொல்லுங்கள்.

கழுவச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நம் டிரெய்லர்கள் சுமப்பது பொட்டாஷ், அம்மோனியம் சல்பேட், தொழு உரம். மூலைகளில் தங்கும் உர உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். இந்த உப்பின் மேலேயே பெயின்ட் அடித்தால், சில மாதங்களில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

செதில் துருவைச் சுரண்டி, கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் போட்டுத் தேய்க்க வேண்டும். கிரைண்டர் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். கண்ணாடியும் முகக்கவசமும் அவசியம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். வீட்டு உபயோகப் பெயின்டுகளுக்கே 2017-லிருந்துதான் 90 பி.பி.எம். என்ற உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. எனவே, பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் மாட்டுத் தொழுவம் அருகிலும் சுரண்ட வேண்டாம். தூசியைக் கூட்டி அள்ளிவிடுங்கள்.

நம் ஆட்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, தேய்த்த இரும்பை டீசலாலோ மண்ணெண்ணெயாலோ துடைத்துவிட்டு அப்படியே பெயின்ட் அடிப்பது. எண்ணெய்ப் படலம் நின்றுவிட்டால் பெயின்ட் ஒட்டாது. தின்னர் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள். அப்போது பீடி, நெருப்பு எதுவும் பக்கத்தில் கூடாது.

துடைத்த அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிட வேண்டும். ஓர் இரவு பனியில் விட்டால், மறுபடி துரு பூத்துவிடும். பிரைமரை மட்டும் அடித்துவிட்டு ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று மாதக்கணக்கில் விடுவதும் வீண். பிரைமருக்குத் தண்ணீரைத் தடுக்கும் சக்தி குறைவு. டப்பாவில் சொன்னபடி காயவிட்டு, எனாமலை மெல்லிதாக இரண்டு கை அடியுங்கள். கெட்டியாக ஒரே கையில் அடித்தால் வழியும், உள்ளே காயாது. பனி உலர்ந்த பின் காலையில் தொடங்கி, சாயங்காலத்துக்கு முன் முடியுங்கள். கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும் இரும்பிலும் அடிக்கக் கூடாது.

கிரீஸ் நிப்பிள், போல்ட் மரை, இழுவை வளையத்தின் உள்பக்கம், வண்டி எண் பொறித்த தகடு இவற்றில் பெயின்ட் படாமல் காகிதம் ஒட்டிக்கொள்ளுங்கள். தொட்டித் தரையில் மண்வெட்டி உரசி உரசி எப்படியும் பெயின்ட் போய்விடும். அங்கே அதிகம் செலவழிக்க வேண்டாம். பின்புறத்துச் சிவப்பு ஒளிர்பட்டையின் மேல் பெயின்ட் அடித்த டிரெய்லர்களையும் நிறையப் பார்க்கிறேன். இரவில் பின்னால் வருகிற பைக்காரருக்கு நம் வண்டியைக் காட்டிக்கொடுப்பது அதுதான். போயிருந்தால், புதிதாக ஒட்டிய பிறகே டிரெய்லரைச் சாலையில் இறக்குங்கள்.