ஃப்ளைட்டில் மருந்து கொண்டு போறீங்களா? முதலில் இதை செக் பண்ணுங்க!

சென்னையில் டாக்டர் சீட்டைக் காட்டி வாங்கும் வலி மாத்திரை, துபாய் ஏர்போர்ட்டில் வழக்காகவே மாறலாம். டிரமடால், கோடீன் கலந்த மருந்துகள் ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. கொண்டு செல்ல ஆன்லைனில் முன் அனுமதி வாங்க வேண்டும். சிங்கப்பூரிலும் கோடீன், டயஸிபம் போன்றவற்றுக்கு முன் அனுமதி தேவை.

எந்தப் பையில் வைப்பது?

தினசரி மருந்துகள் கேபின் பேக்கில்தான் இருக்கணும். செக்-இன் லக்கேஜ் ஒருநாள் தாமதமானால் பி.பி. மாத்திரைக்கு எங்கே போவது? இன்சுலினை லக்கேஜில் போடவே கூடாது. குளிரில் உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்த முடியாது.

100 மி.லி. விதி மருந்துக்கும் உண்டா?

சர்வதேச விமானங்களில் திரவங்களுக்கு இந்த வரம்பு உண்டு. பயணத்துக்குத் தேவையான மருந்துக்கு விலக்கு கிடைக்கும். சிரப், இன்சுலின், ஊசியைத் தனியாக எடுத்து, ஸ்கேனிங்குக்கு முன்பே சொல்லிடுங்க. சீட்டு கையில் இருக்கட்டும்.

எப்படி பேக் பண்ணுவது?

மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் கொட்டாதீங்க. அட்டையில் பெயரும் எக்ஸ்பைரி தேதியும் தெரியணும். நம்ம ஊர் பிராண்ட் பெயர் வெளிநாட்டில் புரியாது. 'டோலோ' என்றால் 'பாராசிட்டமால்' என மருந்தின் மூலப்பெயரையும் சீட்டில் எழுதி வாங்குங்க. சீட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் பெயரும் ஒன்றாக இருக்கணும்.

அடுத்தவர் மருந்து?

"அண்ணன்கிட்ட இந்த மாத்திரையை மட்டும் கொடுத்துடுப்பா" என்று யாராவது நீட்டினால் யோசிங்க. பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவர், பையைச் சுமப்பவர்தான்.