படத்தில் விரியும் வீடு

தெம்பனிஸில் மறுவிற்பனை வீடு தேடும் நம்மில் பலர், விளம்பரப் படங்களைப் பார்த்தே பாதி முடிவுக்கு வந்துவிடுகிறோம். அந்தப் படங்கள் பொய்யானவை அல்ல என்றாலும், முழு உண்மையையும் காட்டுவதில்லை.

அகன்ற கோண லென்ஸ் பொருத்திய கேமராவை அறை மூலையில் வைத்துப் படமெடுத்தால், எதிர்ச்சுவர் வெகு தொலைவில் இருப்பதுபோல் தெரியும். சிறிய அறையும் பெரிய கூடமாகத் தோன்றும். இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. படத்தின் ஓரத்தில் உள்ள நாற்காலியோ குளிர்பதனப் பெட்டியோ பக்கவாட்டில் இழுத்ததுபோல் இருந்தால், அறையும் அப்படித்தான் நீண்டிருக்கிறது என்று பொருள்.

படத்தில் சத்தமும் வெப்பமும் தெரியாது. தெம்பனிஸில் கிழக்கு-மேற்கு ரயில் பாதை தரைக்கு மேலே செல்கிறது. பாதையோர வீட்டில் கேட்கும் ரயில் ஓசையையும், மேற்கு பார்த்த அறையில் அடிக்கும் வெயிலையும் நேரில் சென்றால்தான் உணரமுடியும். ஆகவே மாலை நான்கு மணிவாக்கில், அளவுநாடாவுடன் செல்லுங்கள். உங்கள் கட்டில், அலமாரி அளவுகளை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். அதே புளோக்கில் அண்மையில் விற்ற வீடுகளின் பரப்பளவையும் விலையையும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

இவை அனைத்தையும் பணம் கொடுப்பதற்கு முன்பே செய்துவிடவேண்டும். வீட்டை வாங்கும் உரிமையைப் பெற, விற்பவருக்கு 1,000 வெள்ளி வரை கொடுக்கிறோம். அடுத்த 21 நாள்களில் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அத்தொகை திரும்பக் கிடைக்காது. பயன்படுத்தினால், கட்டும் முன்பணம் மொத்தம் 5,000 வெள்ளி வரை உயரும். அதன்பின் அறை சிறியது என்று வருந்திப் பயனில்லை.